விண்டோஸ் 10-இலேயே இருப்பதா, 11-க்குப் போவதா, லினக்ஸுக்கு மாறுவதா: ரோஸ் ஹில் வீட்டுக் கணினி ஒன்றின் கணக்கு

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2016-இல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்றுக்கொடுக்கிறேன். என் பாடத்தாள்கள், தேர்வுத்தாள்கள், தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்கு அடித்துக்கொடுத்த அறிவிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அப்பாவும் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பல வருடங்களாகத் தட்டச்சு செய்து சேர்த்த தேவாரப் பாடல்களும் கதைகளும் அதே கணினியில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. இனி இந்தக் கணினியை என்ன செய்வது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாமா என்பது எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஓடிய பேச்சு.

ஒரு கடையில் போய்க் கேட்டேன். கணினி எந்த ஆண்டு வாங்கியது என்று மட்டும் கேட்டுவிட்டு, "இது 11-க்குப் போகாது, புதுசு வாங்கிவிடுங்கள், போனஸ் வந்திருக்குமே" என்றார்கள். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வருகிற டிசம்பர் அது. கணினிக்குள் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன வேலை செய்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. அதனால் நானே உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். என்னைப் போல ஒரே கணினியை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில், எது நின்றது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கணினி நிற்கவில்லை. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். நின்றது, மாதாமாதம் வந்த ஓட்டை அடைப்பு. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 11-க்கு இப்போதும் அது வருகிறது. இங்கேதான் ஆபத்து. 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரல் பெருமளவு ஒன்றே. 11-க்குத் திருத்தம் வந்தவுடன், கெட்ட எண்ணம் உள்ளவர்கள் திருத்தத்துக்கு முன்னால் இருந்த கோப்பையும் பின்னால் வந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டை அடைபடாத விண்டோஸ் 10-இல் திறந்தே கிடக்கும். மாதங்கள் கூடக் கூட இப்படித் தெரிந்த ஓட்டைகளின் எண்ணிக்கையும் கூடும்.

அப்பா கிரியோலில் கேட்டது ஒரே கேள்விதான்: ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்? நியாயமான கேள்வி. அவருக்கு 2017 மே மாதத்தை நினைவூட்டினேன். வானாக்ரை என்ற நிரல் அந்த மாதம் 12-ஆம் தேதி பரவத் தொடங்கி, சில நாட்களில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப்போட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கோப்புகளைத் திரும்பத் தர 300 டாலர் கேட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, அப்டேட் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். யாரும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பாய்ந்தது. "எனக்கு வருகிற மின்னஞ்சலை நான் கவனமாகத்தான் திறக்கிறேன்" என்ற பதில் இதற்குப் போதாது.

ஆன்ட்டிவைரஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். எட்ஜ் உலாவிக்கும் குறைந்தது அதே அளவு காலம் அப்டேட் உண்டு. இவை நல்லவைதான். ஆனால் வாசல் காவலாளி விழிப்பாக இருப்பதால் பின்சுவரில் உள்ள ஓட்டை அடைந்துவிடாது. உலாவிகளும் என்றைக்கும் கூட வராது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் அப்டேட் நின்றது, குரோம் 2023-இல் அதைக் கைவிட்டது. ஆக, ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுவது என்ற வழியை நான் ஏற்கவில்லை, ஒரே ஒரு நிலையைத் தவிர: இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய கோப்புகளை அச்செடுக்க மட்டும் வைத்திருக்கும் கணினி. அதிலும் யாருடைய பென் டிரைவைச் செருகுகிறோம் என்று கவனிக்க வேண்டும்.

சரி, விண்டோஸ் 11. மகனின் மடிக்கணினிக்கு இதில் யோசிக்கவே இல்லை. 2019-இல் வாங்கியது, இன்டெல் எட்டாம் தலைமுறை. அப்டேட் பக்கத்தில் "11 தயார்" என்று வந்தது, இரவு போட்டோம், காலையில் பள்ளிக்கு எடுத்துப்போனான். கட்டணம் கிடையாது. பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் அமைப்புகளில் 'மீட்பு' பகுதிக்குப் போய்ப் பழைய 10-க்கே திரும்பலாம். தொடக்கப் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், இடப்பக்கம் தள்ளிக்கொள்ளலாம். வலது சொடுக்கு பட்டியல் சுருங்கிவிட்டது, வேர்ட்பேட் இல்லை. இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மேசைக் கணினியில்தான் சிக்கல். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். அவை எங்களிடம் இருக்கின்றன. ஆனால் துவங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும், அதற்கும் மேல் செயலி மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. டிபிஎம் என்பது கடவுச்சொற்களுக்கும் குறியாக்கச் சாவிகளுக்குமான சிறு பெட்டகம். பலருடைய கணினியில் அது இருந்தும் பயாஸில், அதாவது கணினி துவங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். "உங்கள் கணினி தகுதியில்லை" என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசக் கருவியை ஓட்டினால் எந்தக் காரணத்தால் தகுதியில்லை என்று தனித்தனியாகச் சொல்லும். டிபிஎம் மட்டும்தான் காரணம் என்றால் பயாஸில் அதைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, காரணம் செயலி. அதை மாற்றுவது என்றால் மதர்போர்டையும் மாற்ற வேண்டும்.

பயாஸில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. உங்கள் வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், இப்படி ஏதாவது மாற்றிய பிறகு கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே இன்னொரு சாதனத்திலிருந்து அந்தக் கணக்குக்குள் போய்ச் சாவியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சாவி கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பது உங்கள் கோப்புகளாகவே இருந்தாலும் திறக்க வழி இல்லை.

தகுதியில்லாத கணினியிலும் 11-ஐ வலிந்து ஏற்ற வழிகள் இருக்கின்றன. ரூஃபஸ் என்ற கருவியால் பென் டிரைவ் தயாரித்து நிபந்தனைகளைத் தாண்டிவிடலாம். என் மைத்துனர் அதைத்தான் செய்யச் சொன்னார். அவருடைய கணினியில் ஓடவும் செய்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, மிகப் பழைய சில செயலிகளில் துவங்கவே துவங்காது. நான் மாறுவதே அப்டேட்டுக்காக. அதுவே உறுதியில்லை என்றால் மாறி என்ன பயன்? இரண்டாவது கணினி வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

அடுத்த வழி, விண்டோஸ் 10-இலேயே இருந்துகொண்டு நீட்டிப்பு வாங்குவது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளின் பேக்கப்பை இயக்கினால் பணம் கேட்பதில்லை; இல்லையென்றால் 30 டாலர், நம் பணத்தில் சுமார் 1,400 ரூபாய். ஒரே கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேக்கப் என்றவுடன் எல்லாக் கோப்புகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்பிவிட வேண்டாம். அங்கே இலவசம் 5 ஜிபிதான், நிறைந்ததும் பணம் கட்டச் சொல்லும். அமைப்புகளை மட்டும் ஒத்திசைத்தால் போதும்.

இது முடிவு அல்ல, தவணை. ஆனாலும் நல்ல தவணை. நாளைக்கே மாற வேண்டும் என்ற பதற்றத்தில்தான் மனிதர்கள் கோப்புகளை இழக்கிறார்கள், தேவையில்லாத கணினி வாங்குகிறார்கள்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இயங்குதளங்களை ஒப்பிடும் கட்டுரைகளில் வேகம், விளையாட்டு, திரை அழகு எல்லாம் வரும், தமிழ் வராது. நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, பள்ளியில் தமிழ் இருக்கிறது, கணினி மாறும்போது மட்டும் தமிழ் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அது பார்த்துக்கொள்வதில்லை.

அப்பாவின் கோப்புகளில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் உள்ளவை. இந்த மாதிரிப் பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன: கணினிக்குத் தெரிந்த ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துவிட்டன. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல்லைத் திறந்தால், ரோமன் எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த குவியல்தான் தெரியும். புதுக் கணினி வாங்கிக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, கோப்பு கெட்டுப்போனது என்று அழித்துவிடுகிறார்கள். கெட்டுப்போகவில்லை. எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துவந்து நிறுவினால் எல்லாம் திரும்பிவரும், லினக்ஸிலும்கூட. ஆனால் நிலையான தீர்வு, அவற்றை, எல்லாக் கணினிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவைப்பதுதான். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

என் கோப்புகள் யூனிகோடுதான், ஆனால் லதா எழுத்துருவில் அடித்தவை. லதா ஒரு காலத்தில் விண்டோஸோடு தானாகவே வந்தது. விண்டோஸ் 10-இலும் 11-இலும் அது தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பப் பகுதியில் இருக்கிறது. புதிதாக விண்டோஸ் நிறுவியவர்கள் அமைப்புகளில் தேடி அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காவிட்டால் நிர்மலா என்ற எழுத்துரு வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ் வாசிக்கலாம், ஆனால் வரிகளின் அகலம் மாறி, ஒரே பக்கத்தில் அடங்கிய தேர்வுத்தாள் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். மகனின் மடிக்கணினியில் அச்செடுத்தபோது எனக்கு நடந்தது இது. நல்லவேளை, வகுப்புக்கு எடுத்துப்போகும் முன் பார்த்துவிட்டேன்.

தட்டச்சு விஷயத்தில் புது விண்டோஸ் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது. முன்பு என்எச்எம் ரைட்டர், அழகி என்று ஏதாவது ஒன்றைத் தனியாக நிறுவினோம். இப்போது தமிழ்99, அஞ்சல், ஒலிப்பு முறை எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாறிவிடலாம். ஒரே கடிதத்தில் மூன்று மொழி எழுதுகிற நம் ஊருக்கு இது பெரிய வசதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் வடிவம் பெற்ற தமிழ்99-ஐ இன்னும் பழகாதவர்கள், கணினி மாற்றும் இந்த நேரத்தில் பழகலாம். உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. இடத்தை வைத்துப் பழகுவதால், விசைப்பலகை பிரெஞ்சு அசெர்ட்டியா, ஆங்கில குவெர்ட்டியா என்ற தொல்லையும் இல்லை.

அப்புறம் லினக்ஸ். இதைப் பற்றிப் பயந்துகொண்டுதான் தொடங்கினேன். அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐத் தேர்ந்தெடுத்தேன்; 2029 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்பு அப்டேட் உண்டு, காசு இல்லை, டிபிஎம் கேட்பதில்லை, எங்கள் ஆறாம் தலைமுறைச் செயலியை அது பழையதாகவே நினைப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கினால் மின்ட் வந்துவிடும், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை வைத்து எடை போடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படி ஓட்டினோம். இணையம் உடனே கிடைத்தது. வலைப்பின்னலில் இருந்த பிரிண்டரை அதுவே கண்டுகொண்டது. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற நிரலையும் அதோடு எம்17என் தொகுப்பையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு தமிழ்99 சரியாக வந்தது. வேர்டுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆஃபிஸில் என் பாடத்தாள்கள் திறந்தன. சாதாரண உரை அப்படியே இருந்தது. படமும் அட்டவணையும் பெட்டியும் கலந்த தாள்களில் பெட்டிகள் நகர்ந்துபோயின. பள்ளியில் எல்லோரும் வேர்ட் பயன்படுத்துகிறார்கள். நான் அனுப்பும் தாள் அவர்களிடம் கலைந்து போனால் அது என் சக ஆசிரியர்களுக்குத்தான் கூடுதல் வேலை. அப்பாவுக்கோ இந்தத் தடை எதுவும் இல்லை. அவர் எழுதுகிறார், யூடியூபில் கச்சேரி கேட்கிறார், சென்னையில் இருக்கும் நண்பருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். அந்த மூன்றுக்கும் மின்ட் தாராளமாகப் போதும். கணினியை இப்படி எழுதவும் பார்க்கவும் மட்டும் பயன்படுத்தும் வீடுகளுக்குப் புதுக் கணினியைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு, கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர் போன்றவர்களுக்கு, சொல்ல மாட்டேன்.

புதுக் கணினி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் இருந்து, பழையது எப்படியும் சாகும் நிலையில் இருந்தால் வாங்குங்கள். ஆனால் "மெதுவாக இருக்கிறது" என்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், முதலில் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் அதைக் கழற்றி, சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி போட்டோம். நான்கு நிமிடம் எடுத்துத் துவங்கிய கணினி அரை நிமிடத்துக்குள் துவங்குகிறது. நான் இதுவரை செய்த கணினிச் செலவுகளில் இவ்வளவு பலன் தந்தது வேறில்லை. இதன் பிறகு எந்த இயங்குதளம் போட்டாலும் அந்த எஸ்எஸ்டி கூடவே வரும்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை, எல்லாக் கோப்புகளையும் வெளியே நகலெடுப்பது. ஒரு நகல் போதாது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை நாம் பார்த்தோம். கணினியும் அதன் பக்கத்து இழுப்பறையில் நகல் வட்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எங்கள் இரண்டாவது நகல் கியூர்பிப்பில் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. நகலெடுத்ததும் வேறொரு கணினியில் அதைச் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். நவம்பர் முதல் மே வரை புயல் காலம் என்பதால், எச்சரிக்கை அறிவித்திருக்கும் நாளில் அப்கிரேடு தொடங்க வேண்டாம். பாதி வழியில் மின்சாரம் போனால் கணினி துவங்காமல் நின்றுவிடக்கூடும். மடிக்கணினிக்கு பேட்டரி துணை இருக்கும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லையென்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

நாங்கள் மேசைக் கணினிக்கு ஓராண்டு நீட்டிப்பை எடுத்தோம், பணம் கட்டாத வழியில். அதே எஸ்எஸ்டியில் 60 ஜிபி ஒதுக்கி மின்ட்டையும் பக்கத்தில் நிறுவினோம். துவக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். நான் விண்டோஸில் பாடத்தாள் செய்கிறேன், அப்பா மின்ட்டில் எழுதுகிறார். 2026 அக்டோபர் வந்ததும் விண்டோஸ் பக்கத்தை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, என் வேலையை மகனின் மடிக்கணினிக்கோ மின்ட்டுக்கோ கொண்டுபோவேன். அதற்குள் பெட்டிகள் நிறைந்த பாடத்தாள்களை லிப்ரே ஆஃபிஸில் புதிதாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எளிய அமைப்பில் செய்தவை இரண்டு இடத்திலும் கலையாமல் திறக்கின்றன. அப்பா தினமும் காலையில் ஒரு பாமினி கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்துத் திருத்துகிறார். இன்னும் நாற்பது கோப்பு பாக்கி என்று நேற்று சொன்னார்.